ஜூன் மாதத்துக் கோடுகள்

எங்களை நாற்காலிகளிலிருந்து எழுப்பி
தரையில் உட்காரச் சொன்னார் பசிலியா சுகிமியா.
பயிற்சியின் முதல் நாள்.
பதினேழு ஆசிரியர்கள்,
பலருக்கு முழங்கால் மடங்கவில்லை.
எல் ஆல்ட்டோவிலிருந்து அதிகாலைப் பேருந்தில் வந்தவர்கள்
இன்னும் கையுறையைக் கழற்றவில்லை.
ஜன்னலில் ஒரு கண்ணாடிக்குப் பதில் உரச்சாக்கு
காற்றில் உப்பி உப்பி அடங்கியது.

பிறகு அவர் ஸ்பானிஷை நிறுத்திவிட்டார்.
விளக்கம் இல்லை.
கோணிப்பையை அவிழ்த்து
உருளைக்கிழங்குகளைக் கொட்டினார்:
கறுப்பு, ஊதா, பன்றிக்குட்டியின் மூக்கு போல ஒன்று.
அய்மாராவில் ஏதோ கேட்டார்.
மறுபடி கேட்டார், கொஞ்சம் சத்தமாக,
நாங்கள் வகுப்பில் செய்வதுபோலவே,
சத்தம் கூடினால் அர்த்தம் விளங்கிவிடும் என்பதுபோல.

கணக்கு ஆசிரியர் ரெனே சிரித்துப் பார்த்தார்.
சிரிப்பு செல்லுபடியாகவில்லை.
இருபத்தாறு வருடம் பாடம் நடத்திய எல்விரா
பக்கத்திலிருப்பவர் நோட்டை எட்டிப் பார்த்தார்;
அதில் ஒன்றும் இல்லை.
ஒருவர் கழிப்பறைக்குப் போக வேண்டும்.
எப்படிக் கேட்பதென்று தெரியாமல்
தொடையை இறுக்கிக்கொண்டு
அரைமணி நேரம் நல்ல மாணவராக இருந்தார்.

எனக்குப் புரிந்தது.
முதல் கேள்வியிலிருந்தே புரிந்தது.
கவ்க்கா? எத்தனை? அவ்வளவுதான்.
மாயா, பாயா, கிம்சா, பூசி…
என் அம்மா சந்தையில்
கிழங்குக் குவியலை எண்ணிப்போடும் எண்கள்.
சீருடையில் அவளைத் தாண்டிப்போகும்போது
தெரியாதவன்போல் வைத்துக்கொண்ட முகத்தை
இப்போதும் வைத்திருந்தேன்.
கை மடியிலேயே கிடந்தது.
விடை தெரிந்த ஒரே மாணவன்,
கடைசி வரிசையில்.

பசிலியா என்னைப் பார்த்தார்.
கண்டுபிடித்துவிட்டாரா, தெரியாது.
பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை.
அந்த ஒன்றுக்கு நான் கடன்பட்டவன்.

மதியம் ஸ்பானிஷ் திரும்பி வந்ததும்
எல்லோரும் ஒரே சமயத்தில் பேசினோம்,
நெடுநாள் வறண்ட குழாயில் தண்ணீர் வருவதுபோல,
காற்றும் துப்பலுமாக.
சூப்பில் நீர்தான் நிறைய. யாரும் குறை சொல்லவில்லை.
"இப்போது பதிவேடுகளை எடுங்கள்" என்றார்.

என் பதிவேட்டில் ஜூன்.
பெயர்களுக்கு நேரே கோடு, கோடு, கோடு.
நிவெஸ் தார்க்கி: பதினொரு கோடுகள்.
ஓரத்தில் என் கையெழுத்தில் 'அக்கறையின்மை'.

ஜூனில் என்ன நடக்கிறதென்று
எனக்குத் தெரியாதா?
இரவில் கிழங்கைப் பனியில் பரப்ப வேண்டும்.
வானம் துடைத்துவிட்டதுபோலிருக்கும் அந்த மூன்று இரவுகள்
எப்போது வருமென்று
அமைச்சகத்தின் நாட்காட்டிக்குத் தெரியாது.
உறைந்து இளகியதைக் குவித்து
வெறுங்காலால் மிதித்து நீரைப் பிழிய வேண்டும்.
சின்னப் பாதங்கள் சதை நசுங்காமல் தோலை உரிக்கும்.
அப்படிக் காய்ந்த சூன்யோதான்
அந்த வீட்டுக்கு அடுத்த வருஷமும், அதற்கடுத்ததும்.
என் குதிகாலில் இன்னும் அந்தக் குளிர் இருக்கிறது.
அந்தக் காலில் ஷூ மாட்டிக்கொண்டுதான்
இந்தக் கோடுகளைப் போட்டேன்.

"விடுமுறையை மாற்றச் சொல்லி மனு போடலாம்" என்றார் ரெனே.
"மனு போய்ச் சேர்வதற்குள் கிழங்கு கல்லாகிவிடும்" என்றார் எல்விரா.
அந்த வாரம் மட்டும் பத்து மணிக்குத் தொடங்கலாமா,
மிதிக்குமுன் ஒரு எடை, காய்ந்தபின் ஒரு எடை,
போன தண்ணீரைக் கழித்துப் பார்ப்பது பாடமாகுமா,
சண்டை போட்டோம்.
முடிவு எதுவும் எட்டவில்லை.
பேருந்து ஐந்து மணிக்கு.

கிளம்புமுன் ஆளுக்கொரு தாள்.
திங்கட்கிழமை நீங்கள் கேட்கப்போகும் முதல் கேள்வி.
எத்தனை உருளைக்கிழங்கு?
ஸ்பானிஷில் எழுதி, அடித்தேன்.
அம்மாவின் சொல்லைப் போடப்போனால்
பேனா நின்றுவிட்டது.
சுக்கி. அதன் முதல் ஒலி
பல்லுக்குப் பின்னால் விதை வெடிப்பதுபோல் தெறிக்கும்.
நாற்பத்தொரு வயதில்
அதை ஒரு தடவைகூட எழுதியதில்லை.

கையைத் தூக்கினேன்.
பசிலியா குனிந்தார்.
என் பேனாவை வாங்காமல்
தரைத் தூசியில் விரலால் காட்டினார்:
எழுத்துக்குப் பக்கத்தில், மேலே,
ஒரு சின்னக் கீற்று.

போட்டேன்.
பதிவேட்டில் போடும் கோட்டைவிடச் சிறியது.
கொஞ்சம் சாய்ந்துவிட்டது.